கூடப் போற ஆள் யாரு?

மக்களே, இன்னிக்கு கொஞ்சம் சீரியஸ் பதிவு. வழக்கமான மொக்கையை எதிர்பார்த்து வந்தவங்க மன்னிக்கணும், அடுத்த வாரம் கண்டிப்பா உண்டு. :-)

"கேன்சர் விழிப்புணர்வு முகாம்"னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருது? ஷாமியானா, வாடகை நாற்காலி, மைக் பிடிச்ச ஒரு டாக்டர், கையில் திணிக்கிற நோட்டீஸ், மேரி பிஸ்கட், கடைசியில் ஒரு குரூப் போட்டோ. மறுநாள் பேப்பரில் ஒரு மூலையில் "500 பேர் பயனடைந்தனர்".

எனக்கு ஒரு சின்ன கேள்வி. அந்த 500 பேரில் "உங்களுக்கு என்னமோ இருக்கு, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டுங்க"ன்னு எத்தனை பேருக்குச் சொன்னாங்க? சொன்னதில் எத்தனை பேர் நிஜமாவே போனாங்க?

இந்த ரெண்டாவது எண்ணிக்கையை யாரும் பேப்பர்ல போடறதில்லை. அந்த எண்ணிக்கைதான் முக்கியம், மத்ததெல்லாம் அதுக்கு அப்புறம்தான் என்பது என் கட்சி. முகாம் போடறது பாதி வேலைகூட இல்லை. முகாமுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவுல ஒரு வழி இருக்கு பாருங்க, ஏழை பாழைகளும் பாஷை தெரியாதவங்களும் காணாமப் போறது அந்த வழியிலதான்.

இது என்னோட கண்டுபிடிப்பு இல்லீங்க. பக்கத்துல இருக்கற ஒரு தீவு இந்தப் பாடத்தை நடத்தி நாப்பது வருஷம் ஆச்சு.

இலங்கை சொன்ன பாடம்

இலங்கையில் ஆண்களுக்கு அதிகமா வர்ற புற்றுநோய் வாய்ப்புற்றுநோய். காரணம் நமக்கு ரொம்பவே பழக்கமான சங்கதி. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை. இதில் பலருக்குத் தெரியாத ஒண்ணு இருக்கு. புகையிலை போட்டாத்தான் ஆபத்து, வெறும் பாக்கு ஒண்ணும் பண்ணாதுன்னு நம்ம வீட்டுப் பெருசுங்க சொல்லும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2003-ல் கூடி, 2004-ல் அறிக்கை வெளியிட்டது. புகையிலை சேராத வெற்றிலைப் பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும், பாக்கு தனியாவும் உண்டாக்கும்னு அதில் தெளிவா எழுதியிருக்காங்க. சிகரெட்டை எந்தப் பட்டியல்ல வெச்சாங்களோ அதே முதல் பட்டியல்லதான் பாக்கும் இருக்கு.

வாய்ப்புற்றில் ஒரே ஒரு நல்ல விஷயம், அது ஒளிஞ்சு வர்றதில்லை. வாயைத் திறந்து டார்ச் அடிச்சுப் பாத்தா, வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, ஆறாத புண், இறுகிப்போன கன்னம் எல்லாம் புற்றா மாறறதுக்கு முன்னாடியே கண்ணுல பட்டுடும். ஸ்கேன் வேணாம், ரத்தம் எடுக்க வேணாம்.

இதை வெச்சு 1980-களோட ஆரம்பத்தில் இலங்கையில் ஒரு காரியம் பண்ணாங்க. கிராமத்து ஆரம்ப சுகாதார ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஜனங்களோட வாயைப் பாக்கச் சொன்னாங்க. ஒரு வருஷத்தில் ஏறத்தாழ 30 ஆயிரம் பேரைப் பாத்துட்டாங்க. 1,200-க்கும் மேற்பட்டவங்களுக்கு "சந்தேகமா இருக்கு, போய்க் காட்டுங்க"ன்னு சீட்டு எழுதினாங்க. அந்தச் சீட்டோட போனவங்களை நிபுணர்கள் பாத்தப்போ, ஊழியர்கள் சொன்னது பெரும்பாலும் சரியாவே இருந்தது. 1984-ல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் கட்டுரையா வந்த ஆய்வு இது.

சரி, எங்க இடிக்குது? சீட்டு வாங்கினவங்கள்ல பாதிக்குக் கொஞ்சம் மேலதான் போனாங்க. மீதிப் பேர் வரவே இல்லை.

கண்டுபிடிக்கற வேலை சுலபமா முடிஞ்சது. வாயில் புண்ணோட இருக்கிற ஆளை வீட்டு வாசல்லேர்ந்து டாக்டர் மேசை வரைக்கும் கொண்டுபோறதுதான் முடியல. எத்தனை பெரிய பாடம் பாருங்க. நாம இன்னமும் நோட்டீஸ் அடிச்சிட்டு இருக்கோம்.

ஒரு பேர், அரைப்பேர்

இதே கதை மலையகத்தில் இன்னும் கசப்பு. தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்யற நம்ம ஆட்கள், ரெண்டு நூற்றாண்டுக்கு முன்னாடி இங்கேருந்து கூட்டிட்டுப் போகப்பட்டவங்களோட வம்சம். வெற்றிலை போடற பழக்கம் அந்த நாட்டிலேயே தோட்டப் பகுதியில்தான் அதிகம். குளிர், மலைச்சரிவில் நாள் முழுக்க நிக்கற வேலை, பசியை மறக்க வாயில் ஒரு துண்டு புகையிலை.

அங்க ஒரு நாள் வேலைக்கு "ஒரு பேர்"னு சொல்வாங்க. கொழுந்து எடை குறைஞ்சா "அரைப்பேர்". ஆஸ்பத்திரிக்குப் போற அன்னிக்கு பேர் கிடையாது. அதாவது, தான் ஆரோக்கியமா இருக்கோமான்னு தெரிஞ்சுக்க ஒரு கொழுந்து பறிக்கற அம்மா தன் ஒருநாள் கூலியை விலையாக் கொடுக்கணும். மலையிலேருந்து இறங்கி, பஸ் பிடிச்சு, டவுன் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தா, எதிர்ல உட்கார்ந்திருக்கிறவருக்குத் தமிழ் தெரியாது. 1987-லேருந்து அங்க சட்டப்படி தமிழும் ஆட்சி மொழிதான். ஆனா சட்டம் வந்து வரிசைல நமக்குப் பின்னாடி நின்னு மொழிபெயர்க்காது இல்லையா?

இந்த நிலைமையில் "விழிப்புணர்வு இல்லாததால் மக்கள் வருவதில்லை"ன்னு யாராவது எழுதினா எனக்குப் பத்திக்கிட்டு வரும். விழிப்புணர்வு இல்லாம இல்ல சாமி. பேர் இல்ல, பஸ் இல்ல, பாஷை இல்ல.

வடக்குப் பக்கம் இன்னொரு கதை. யாழ்ப்பாணத்துக்காரங்க ரொம்ப காலமா புற்றுநோய் சிகிச்சைக்குக் கொழும்புக்குப் பக்கத்தில் இருக்கற மகரகமவுக்குத்தான் வரணும். அதுவும் போர்க்காலத்தில் எப்படி வந்திருப்பாங்கன்னு யோசிச்சுப் பாருங்க. போர் முடிஞ்சு ரெண்டு வருஷத்தில், 2011 ஜூலையில், நாதன் சிவகணநாதன், சரிந்த உணம்புவன்னு ரெண்டு நண்பர்கள், ஒருத்தர் தமிழர் ஒருத்தர் சிங்களவர், தீவோட தென்முனையான தெய்வேந்திரமுனையிலேருந்து வடமுனையான பருத்தித்துறை வரைக்கும் நடந்தாங்க. 27 நாள், ஏறத்தாழ 670 கிலோமீட்டர். வழியெல்லாம் ஜனங்க சேர்ந்து நடந்தாங்க, காசு போட்டாங்க. அந்தப் பணத்தில் தெல்லிப்பழையில் ஒரு புற்றுநோய் மருத்துவமனை எழும்பிச்சு. 2013-ல் திறந்தாங்க. 2016-ல் மறுபடி நடந்தாங்க, இந்தத் தடவை வடக்கேயிருந்து தெற்கே, காலி கராப்பிட்டியவில் இதே மாதிரி ஒரு மருத்துவமனைக்காக.

எனக்கு ரொம்பப் பிடிச்ச நடைப்பயணம் இது. ஏன்னா இவங்க "கேன்சரை ஒழிப்போம்"னு கோஷம் மட்டும் போட்டுட்டுப் போகல. ஆஸ்பத்திரியையே நோயாளி பக்கத்துக்கு நகர்த்தினாங்க.

வழித்துணைன்னு ஒரு வேலை

ஆஸ்பத்திரியை எல்லா ஊருக்கும் நகர்த்த முடியாது. அப்ப என்ன பண்றது? கூடப் போக ஒரு ஆளை வைக்கணும். இதை ஒரு முறையா செஞ்சு காட்டினவர் நியூயார்க் ஹார்லெம் ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் ஹெரால்ட் ஃப்ரீமன். (மன்ஹாட்டனும் தீவுதானேப்பா!) அவர் ஆஸ்பத்திரிக்கு வந்த மார்பகப் புற்றுநோயாளிகள் பெரும்பாலும் ஏழைக் கறுப்பினப் பெண்கள். 1986 வரைக்குமான 22 வருஷத்தில் சிகிச்சை எடுத்தவங்கள்ல, அஞ்சு வருஷம் தாண்டி உயிரோட இருந்தது 39 சதவீதம்தான். இலவசப் பரிசோதனை கொடுத்துப் பாத்தார், அது மட்டும் போதல. 1990-ல் ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு வழித்துணை ஏற்பாடு பண்ணார். அப்பாயின்ட்மென்ட் வாங்கித் தர, பாரம் நிரப்ப, இன்சூரன்ஸ்காரனோட மல்லுக்கட்ட, பயந்து வீட்டுக்குள்ள உட்கார்ந்தா கதவைத் தட்ட. 1995-லேருந்து 2000 வரைக்கும் வந்தவங்களை எடுத்துக்கிட்டா, அந்த 39 சதவீதம் 70 ஆயிருந்தது. பரிசோதனையும் வழித்துணையும் சேர்ந்து செஞ்ச வேலை.

ஹவாய்த் தீவுகள்ல 2000-ல் "இமி ஹாலே"ன்னு பூர்வகுடிகளோட ஒரு புற்றுநோய் வலையமைப்பு தொடங்கினாங்க. அவங்களும் போய்ச் சேர்ந்த இடம் இதேதான். உள்ளூர் ஆட்களுக்கே பயிற்சி கொடுத்து வழித்துணையா வெச்சாங்க. சின்னத் தீவுல இருக்கறவங்க பெரிய சிகிச்சைக்கு ஹொனலூலுவுக்கு விமானம் ஏறணும். அங்க போய் யாரைப் பாக்கணும், எங்க தங்கணும், குடும்பத்தை யார் பாத்துப்பாங்கன்னு பேச தன் பாஷைக்காரங்க ஒருத்தர் வேணுமே.

ரொம்ப தூரம் போயிட்டோம், நம்ம ஊருக்கு வருவோம். திண்டுக்கல் மாவட்டத்தில் அம்பிளிக்கை. ஒட்டன்சத்திரம் பக்கம். அங்க ஒரு கிறிஸ்தவ சமூக சுகாதார மையம், அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட், அந்த சர்வதேச ஆய்வு அமைப்பு மூணும் சேர்ந்து 2000-லேருந்து 2003 வரைக்கும் 30 முதல் 59 வயசுப் பெண்களுக்குக் கர்ப்பவாய்ப் பரிசோதனை செஞ்சாங்க. 49 ஆயிரம் பேரைக் கூப்பிட்டதில் 31 ஆயிரம் பேர் வந்தாங்க. பரிசோதிச்சது நர்ஸுங்க. வினிகர்ல இருக்கற அமிலத்தைத் தடவிப் பாக்கற எளிய முறை. அதைவிட முக்கியம், மாற்றம் தெரிஞ்சவங்களுக்கு, தகுதியிருந்தா, அங்கேயே அப்பவே உறையவைக்கற சிகிச்சையையும் நர்ஸே செஞ்சு முடிச்சாங்க. "அடுத்த வாரம் டவுனுக்கு வாம்மா"ங்கற பேச்சே அவங்களுக்கு இல்லை. 2007-ல் லான்செட் இதழில் முடிவு வந்தது. பரிசோதனைக்குக் கூப்பிடப்படாத ஊர்களோட ஒப்பிட்டா, இந்த ஊர்கள்ல கர்ப்பவாய்ப் புற்றுநோய்ச் சாவு 35 சதவீதம் குறைவு.

ஒட்டன்சத்திரத்துக் கிராமத்துல நடந்திருக்கு, அம்பத்தூர்ல நடக்காதா?

கொரட்டூர்ல இருக்கற தீவுகள்

நம்ம ஏரியாவுக்கு வர்றேன். அம்பத்தூர் எஸ்டேட் 1964-ல் ஆரம்பிச்சது. அப்போ வேலைக்கு வந்தவங்க ஆற்காடு, திருவண்ணாமலைப் பக்கத்துக்காரங்க. இப்போ பட்டரவாக்கம் கேட் பக்கம் சாயங்காலம் ஷிப்ட் விடற நேரத்துல நின்னு பாருங்க. ஒடியா, இந்தி, பெங்காலி, அசாமி எல்லாம் காதுல விழும். ஒரு ரூம்ல எட்டுப் பேர், பத்துப் பேர். நம்ம தெருவுக்குள்ளயே இருக்காங்க, ஆனா தனித்தீவு மாதிரி. நம்மாளுங்க அவங்களைப் பத்தி பேசற ஒரே பேச்சு, "வடக்கனுங்க கண்ட இடத்துல துப்பறானுங்க".

ஆமா துப்பறாங்க. அந்தச் சிவப்புக் கறை அசிங்கம்னு மட்டும்தான் நமக்குத் தெரியுது. அது ஒரு நோயோட முன்னறிவிப்புன்னு தெரியல. மலையகத்தில் வெற்றிலை போட்டுத் துப்பின நம்ம ஆளுங்களைப் பாத்து வேற பாஷைக்காரங்களும் இதே மாதிரி முகம் சுளிச்சிருப்பாங்க இல்ல?

போன வருஷம் இந்தப் பக்கம் நடந்த ஒரு முகாமில் (பேர் வேண்டாமே) ஒரு ஒடியாப் பையன் வாயைக் காட்டியிருக்கான். லேத் பட்டறையில் வேலை, இருபத்தஞ்சு வயசுகூட இருக்காது. பல் மருத்துவக் கல்லூரிக்குப் போகச் சொல்லி இங்கிலீஷ்ல சீட்டு எழுதிக் கொடுத்துட்டாங்க. அவன் அதை மாத்திரைச் சீட்டுன்னு நெனச்சு மருந்துக் கடையில் நீட்டியிருக்கான். "இது மருந்து இல்ல, போ"ன்னு சொல்லிட்டாங்க. சீட்டு மூணு மாசம் அவன் போன் கவருக்குள்ள மடிஞ்சு கிடந்திருக்கு. எங்க தெரு டீக்கடையில் யாரோ படிச்சுச் சொல்லித்தான் அவனுக்கே விஷயம் தெரியும்.

அவன் போக வேண்டிய இடம் எவ்ளோ தூரம்னு நெனக்கறீங்க? கொரட்டூர்ல ரயில் ஏறி சென்ட்ரல், ரோட்டைத் தாண்டினா பார்க் ஸ்டேஷன், அங்கேருந்து அடுத்த ஸ்டாப் கோட்டை. எதிர்லயே அரசு பல் மருத்துவக் கல்லூரி. நமக்கு ஒரு மணி நேர வேலை. அவனுக்கு அது ஹொனலூலு.

"நம்மாளுக்கே செய்யல, வந்தவனுக்கா?"

இந்தக் கேள்வி வரும்னு தெரியும், அதனால நானே கேட்டுடறேன். நியாயமான கேள்விதான். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வுப்படி 30 முதல் 49 வயசு வரைக்குமான பெண்கள்ல, வாழ்க்கையில் ஒரு தடவையாவது கர்ப்பவாய்ப் பரிசோதனை செஞ்சுக்கிட்டவங்க இந்தியா முழுக்க 1.9 சதவீதம். தமிழ்நாட்டில் 9.8. மத்தவங்களைவிட அஞ்சு மடங்குன்னு காலரைத் தூக்கிக்கலாம், ஆனா நூத்துக்குத் தொண்ணூறு பேர் பாக்கி.

இதுக்கு நம்ம மாநிலம் சும்மா இல்லை. 2021 ஆகஸ்ட்ல மக்களைத் தேடி மருத்துவம் வந்துது. 2023 நவம்பர்ல ஈரோடு, கன்னியாகுமரி, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்கள்ல வீட்டுக்கே போய்க் கூப்பிட்டுப் புற்றுநோய்ப் பரிசோதனை செய்யற திட்டம் தொடங்கினாங்க. நல்ல காரியம், சந்தேகமே இல்லை. ஆனா வீடு தேடி வர்ற ஊழியர் காலை பத்து மணிக்கு வந்தா, வீட்ல யார் இருப்பா? ஷிப்ட்ல இருக்கறவங்க இருக்க மாட்டாங்க. வீட்டு வேலைக்குப் போற எங்க தெருப் பெண்களும் இருக்க மாட்டாங்க. ரேஷன் கார்டு இல்லாத ஒடியாப் பையன் எந்தக் கணக்குலயும் இருக்க மாட்டான். அவனுக்கு நல்லது பண்ற மாதிரி ஒரு ஏற்பாடு செஞ்சா, அது வீட்டு வேலைக்குப் போற நம்ம அக்காவுக்கும் உதவும். ரெண்டும் வேற வேற இல்லை.

இன்னொரு வாதம், "குட்காவைத் தடை பண்ணிட்டா போதும்". தடை 2013-லேருந்தே இருக்கு. 2023 ஜனவரியில் ஹைகோர்ட் ரத்து செஞ்சுது, ஏப்ரல்ல சுப்ரீம் கோர்ட் அந்தத் தீர்ப்பை நிறுத்தி வெச்சுது. இத்தனைக்கும் நடுவுல பொட்டலம் கிடைக்காம யாராவது தவிச்சாங்களா என்ன? தடை வேணும்தான். ஆனா பத்து வருஷமா மென்னவன் வாயை இன்னிக்கு யாராவது பாக்கணுமே. திருவனந்தபுரம் பக்கம் 13 பஞ்சாயத்துகள்ல 1996-லேருந்து நடந்த ஆய்வில், மருத்துவம் படிக்காத பட்டதாரிகளுக்குப் பயிற்சி கொடுத்து வீடு வீடா வாயைப் பாக்க வெச்சாங்க. புகையிலையோ மதுவோ பழக்கம் உள்ளவங்க நடுவுல வாய்ப்புற்றுச் சாவு 34 சதவீதம் குறைஞ்சுதுன்னு 2005-ல் சொன்னாங்க. ஊரையே பாக்க முடியலேன்னாலும் மெல்லறவங்களை மட்டும் பாத்தாலே பலன் உண்டு. அவங்க எங்க இருக்காங்கன்னு நமக்குத்தான் நல்லாத் தெரியுமே!

அப்போ என்ன பண்ணலாம்?

எனக்குத் தோணினது:

1. முகாமை ஞாயித்துக்கிழமை வைங்க, இல்ல ஷிப்ட் விடற நேரத்துல எஸ்டேட் வாசல்ல வைங்க. 2023-ல் திறந்த நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் சாயங்காலம் 4 முதல் 8 வரைக்கும் திறந்திருக்கற மாதிரிதான் ஏற்பாடு. அந்த நேரம் தங்கம்.

2. அந்தந்த பாஷைக்காரங்கள்லேருந்தே ஒருத்தரை வழித்துணையா எடுத்து, சம்பளம் கொடுங்க. "சேவை"ன்னு சொல்லி ஓசியில் வாங்காதீங்க.

3. பரிசோதனைக்குப் போற நாளுக்குக் கூலி வெட்டாதீங்க. நம்ம பதிவர்கள்ல சின்ன யூனிட் வெச்சிருக்கறவங்க ஒண்ணு ரெண்டு பேர் இருக்கீங்க, உங்களைத்தான் சொல்றேன். ஒரு நாள் கூலி உங்களுக்குப் பெரிய காசு இல்லை.

4. ஆறு மாசத்துக்கு மேல இங்க இருக்கற வெளிமாநிலத் தொழிலாளர்களும் உரிய சான்றிதழோட முதல்வரின் காப்பீட்டுத் திட்டத்தில் சேர வழி இருக்கு. இது அவங்களுக்கும் தெரியாது, வேலைக்கு வெச்சிருக்கறவங்களுக்கும் தெரியாது.

5. கடைசியா, கணக்கை மாத்துங்க. "500 பேர் பயனடைந்தனர்"னு போடாதீங்க. "20 பேருக்குச் சீட்டு கொடுத்தோம், 18 பேர் போய்ச் சேர்ந்தாங்க, மிச்ச ரெண்டு பேர் வீட்டுக்கு நாளைக்குப் போறோம்"னு போடுங்க. அந்தச் செய்தியைப் படிச்சா நான் முதல் ஆளா கை தட்டுவேன்.

மலையகத்துல, யாழ்ப்பாணத்துல இருக்கற நண்பர்கள் உங்க பக்கம் இப்போ நிலைமை எப்படின்னு பின்னூட்டத்துல எழுதுங்க. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் இருக்கறவங்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்க தெருவுல ஒருத்தர் சீட்டை மடிச்சு வெச்சுக்கிட்டு நின்னா, வழி மட்டும் சொல்லிட்டு வந்துடாதீங்க. ஒரு நாள் லீவு போட்டுக் கூடப் போங்க.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. ஆனா இது எல்லாருக்கும் பொது: வாய்ப்புண் மூணு வாரத்துல ஆறலேன்னா காட்டிடுங்க. நடு மூணு விரலை ஒண்ணு மேல ஒண்ணா நிறுத்தி வாய்க்குள்ள விட முடியலேன்னாலும் காட்டிடுங்க. இன்னிக்கே கண்ணாடி முன்னாடி நின்னு பாருங்க, காசா பணமா?